இருட்டில் எழுதப் பழகியவர்: அந்தோணி மிங்கெல்லாவின் வானொலியும் திரையும்

கப்பலின் சிறிய அறை ஒன்றில் ஓர் இளைஞன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். கடலின் ஆட்டத்துக்கு அலமாரிக் கதவு திறந்து மூடுகிறது. கதவில் பதித்த கண்ணாடியில் அவன் முகம் வருவதும் மறைவதுமாக இருக்கிறது. சற்றுமுன் அவன் ஒரு கொலை செய்திருக்கிறான். அது நமக்குக் காட்டப்படவில்லை, கேட்கிறது. தன்னை நேசித்தவனிடம், என்னைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லேன் என்று அவன் கேட்டிருந்தான். அந்த நண்பனின் குரல் ஒவ்வொரு நற்குணமாகச் சொல்லிக்கொண்டே வருகிறது. பிறகு அந்தக் குரல் திணறி, திகைத்து, அடங்கிப்போகிறது. 1999இல் வந்த 'தி டேலன்ட்டட் மிஸ்டர் ரிப்ளி' இப்படித்தான் முடிகிறது.

எதையும் காட்டிவிடக்கூடிய வசதி சினிமாவுக்கு இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு திரைக்கதையாசிரியர் தன் படத்தின் உச்சக் காட்சியைக் கண்ணிடமிருந்து பிடுங்கிக் காதிடம் ஏன் கொடுக்கிறார்? படத்தை எழுதி இயக்கிய அந்தோணி மிங்கெல்லாவின் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் விடை கிடைக்கிறது. உலகம் அவரை 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய இயக்குநராக நினைவில் வைத்திருக்கிறது. அந்த விருதுக்குச் சில ஆண்டுகள் முன்புவரை அவர் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதிப் பிழைத்த எழுத்தாளர். அவருடைய திரைக்கதைகளின் நுட்பம் அனைத்துக்கும் வேர் பி.பி.சி.யின் வானொலி நாடக அறையில் இருக்கிறது என்பது என் எண்ணம். அவர் எழுதியவற்றில் சிறந்தவை அந்த அறையில் கற்றதற்கு விசுவாசமாக இருந்தவை. அவர் சறுக்கிய இடங்களில் காது மூடிக்கொண்டிருந்தது.

இந்தப் பாதையில் அவருக்கு முன்பே பலர் நடந்திருக்கிறார்கள். 1924 ஜனவரியில் பி.பி.சி. ஒலிபரப்பிய ரிச்சர்ட் ஹியூஸின் 'டேஞ்சர்' நாடகம் வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகமாகக் கருதப்படுகிறது. விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கத்தில் சிக்கியவர்களின் கதை அது. மேடைக்காரர்கள் குறையாகப் பார்த்த இருட்டையே ஹியூஸ் களமாக்கிக்கொண்டார். கேட்பவரும் இருட்டில், பாத்திரங்களும் இருட்டில். பிரிட்டிஷ் வானொலி நாடகத்தின் இலக்கணம் அன்றே எழுதப்பட்டுவிட்டது என்று சொல்லலாம்.

அங்கிருந்து சினிமாவுக்குப் போனவர்களின் வரிசை நீளமானது. பி.பி.சி.யில் பணியாற்றிய எரிக் மாஷ்விட்ஸ், 'குட்பை மிஸ்டர் சிப்ஸ்' படத்தின் திரைக்கதைக்காக மற்ற இருவரோடு சேர்ந்து ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். டிலன் தாமஸ் போர்க்காலத்தில் ஸ்ட்ராண்ட் ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ஆவணப்படங்களுக்கு எழுதியவர். அவருடைய ஆகப் பெரிய நாடகமான 'அண்டர் மில்க் வுட்' அவர் இறந்த சில வாரங்களில், 1954 ஜனவரியில், ரிச்சர்ட் பர்ட்டனின் குரலில் ஒலிபரப்பானது. அதே 1954இல்தான் பள்ளி ஆசிரியராக இருந்த ராபர்ட் போல்ட்டின் 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' வானொலி நாடகமாக முதலில் கேட்டது. 1960இல் அது மேடைக்கு வந்தது. 1966இல் படமாகி அவருக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. ஹெரால்ட் பின்ட்டர், டாம் ஸ்டாப்பர்ட், பிற்பாடு 'பில்லி எலியட்' எழுதிய லீ ஹால் என எல்லாருமே வானொலிக்கு எழுதிக் கை பழகியவர்கள்.

இது தற்செயலாக நடந்ததல்ல. வானொலி நாடகத்துக்குச் செலவு குறைவு. அதனால் பெயர் தெரியாத எழுத்தாளரை நம்பிப் பார்க்கும் துணிவு தயாரிப்பாளருக்கு இருந்தது. பாலைவனமோ கப்பலோ, ஒரு வரி எழுதினால் போதும், களம் தயார். எழுதியவரின் சொல்லுக்கும் கேட்பவரின் காதுக்கும் நடுவே ஆட்கள் குறைவு. சினிமாவில் எழுத்தாளர் பத்தாவது ஆள், வானொலியில் அவர்தான் முதல் ஆள். இந்த மதிப்பு ஒரு தலைமுறை எழுத்தாளர்களுக்குத் தன்னம்பிக்கை கொடுத்தது. வேறு எந்த நாட்டின் சினிமாவும் இந்த அளவு வானொலிக்குக் கடன்பட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

மிங்கெல்லா 1954 ஜனவரி 6ஆம் நாள் இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே உள்ள வைட் தீவில், ரைட் என்ற கடலோர ஊரில் பிறந்தார். இத்தாலிய வம்சாவளிக் குடும்பம். ஐஸ்கிரீம் தயாரிப்பும் கடையுமாகப் பெற்றோரின் தொழில். கோடையில் கூட்டம் அலைமோதும் ஊர் அது. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு மற்றவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டு வளர்வது இயல்பாகவே வாய்த்திருக்கும். வாலிபத்தில் இசைக்குழுக்களில் வாசித்தார். நாடகத்தைவிட இசைமேல்தான் முதல் காதல்.

பிறகு ஹல் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். முனைவர் பட்ட ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டவர் சாமுவேல் பெக்கெட். ஆய்வேட்டை முடிக்கவில்லை. ஆனால் பெக்கெட் அவரை விடவில்லை. பெக்கெட்டே பி.பி.சி. வானொலிக்கு எழுதியவர் என்பதை இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். 1957இல் ஒலிபரப்பான 'ஆல் தட் ஃபால்' நாடகத்துக்குத் தேவைப்பட்ட விசித்திர ஒலிகளைச் செய்து பார்த்த அனுபவம்தான், அடுத்த ஆண்டே பி.பி.சி. தன் ரேடியோஃபோனிக் வொர்க்ஷாப்பைத் தொடங்கக் காரணமானவற்றில் ஒன்று. மௌனத்தை எழுதலாம், அதற்கு நீளமும் எடையும் உண்டு என்ற பாடம் பெக்கெட்டிடமிருந்து வருவது. அதை மிங்கெல்லா வகுப்பறையில் கற்று, பின்னால் மைக் முன் சோதித்துப் பார்த்தார்.

1980களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுதத் தொடங்கினார். மேடை நாடகங்கள் நல்ல பெயர் வாங்கித் தந்தன. லண்டன் விமர்சகர்கள் 1984இல் அவரை நம்பிக்கைக்குரிய நாடகாசிரியர் என்று பாராட்டினார்கள். 1986இல் 'மேட் இன் பாங்காக்' சிறந்த நாடகமாகத் தேர்வானது. பெயர் வேறு, வயிற்றுப்பாடு வேறு. பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத் தொடரான 'கிரேஞ்ச் ஹில்'லுக்குக் கதை செப்பனிட்டார். 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' துப்பறியும் தொடரின் முதல் கதையை எழுதினார். 1987இல், அவருடைய பிறந்தநாளன்றே, அது ஒளிபரப்பானது. பாட்டுப் பிரியரான அந்தக் காவல் அதிகாரி தான் மனம் பறிகொடுக்கும் பெண்ணோடு சேர்ந்திசைக் குழுவில் பாடிக்கொண்டிருப்பதாகக் கதையை அமைத்தார். ஒரு கொலைக் கதையிலும் இரண்டு மனிதர்களைக் குரல் வழியாகச் சேர்த்து வைக்கத்தான் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஜிம் ஹென்சனின் பொம்மலாட்டக் கலைஞர்களுக்காக எழுதிய 'தி ஸ்டோரிடெல்லர்' தொடரை விமர்சகர்கள் பிள்ளைகள் நிகழ்ச்சி என்று ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. கணப்படுப்பின் அருகே கிழவராக ஜான் ஹர்ட், காலடியில் பேசும் நாய், ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகள் ஒன்பது. அதன் வசனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒன்றுமே குறையாது. பாட்டி கதை சொல்லும்போது வரும் இழுப்பு, திரும்பச் சொல்லல், திடீர் நிறுத்தம் எல்லாம் அதில் உண்டு. தொலைக்காட்சிக்குள் ஒரு வானொலியை அவர் நுழைத்துவிட்டார்.

இனி வானொலிக்கே வருவோம். 1987இல் 'ஹேங் அப்' என்ற குறுநாடகம் எழுதினார். இரண்டு காதலர்கள், ஒரு தொலைபேசி உரையாடல், அவ்வளவுதான். வானொலியின் இலக்கணத்தைத் தொலைபேசிக்குள் அப்படியே மடித்து வைத்தது போன்ற வடிவம். பேசுபவர் எதிராளியின் முகத்தைப் பார்க்க முடியாது, கேட்கும் நாமும் பார்க்க முடியாது. மூச்சின் மாற்றத்திலிருந்து, ஒரு பதில் அரை நொடி தாமதமாவதிலிருந்து, அந்த உறவில் விழுந்த கீறலை நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1988 நவம்பரில், ரேடியோ ஃபோரில் ஒலிபரப்பானது 'சிகரெட்ஸ் அண்ட் சாக்லேட்'. அவருடைய எழுத்துகள் அனைத்துக்கும் திறவுகோல் இதுதான். ஜெம்மா என்ற லண்டன் பெண் ஒருநாள் பேசுவதை நிறுத்திவிடுகிறாள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஏதாவது ஒன்றை விட்டுவிடுவது கிறிஸ்தவ வழக்கம். முந்தைய ஆண்டுகளில் அவள் சிகரெட்டை விட்டாள், சாக்லேட்டை விட்டாள். இந்த ஆண்டு பேச்சை.

வானொலியில் பேசாத பாத்திரம் என்றால் இல்லாத பாத்திரம். மேடையில் மௌனமாக நிற்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், திரையில் முகத்தின் அண்மைக்காட்சி இருக்கிறது. ஒலி மட்டுமே உள்ள ஊடகத்தில் கதாநாயகியை ஊமையாக்குவது, எழுத்தாளர் தன் கையைத் தானே கட்டிக்கொள்வதற்குச் சமம். மிங்கெல்லா அதைச் செய்துவிட்டு, ஜெம்மாவைச் சுற்றியிருப்பவர்களைப் பேச விடுகிறார். அவளுடைய ஆன்சரிங் மெஷினில் நண்பர்கள் விட்ட செய்திகளோடு நாடகம் தொடங்குகிறது. பிறகு ஒவ்வொருவராக அவளிடம் வருகிறார்கள். அவள் ஏன் பேசவில்லை என்பதற்கு ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. உடன் வாழும் காதலன் தன் துரோகம் தெரிந்துவிட்டதென்று நினைக்கிறான். அந்தத் துரோகத்தில் பங்குள்ள தோழி தன்னால்தான் என்று மருகுகிறாள். அவளை ஒருதலையாய்க் காதலிப்பவன் தன் கடிதம்தான் காரணம் என்று நம்புகிறான். அவளுடைய மௌனம் ஒரு கிணறாகிறது. எட்டிப் பார்ப்பவர்களுக்கெல்லாம் தெரிவது அவரவர் முகம்.

நாடகத்தின் முடிவில்தான் ஜெம்மாவின் குரல் நமக்கு, நமக்கு மட்டும், கேட்கிறது. வியட்நாமில் தீக்குளித்த புத்த பிக்குவின் படம் அவளை விடாமல் துரத்தியிருக்கிறது. நண்பர்கள் தேடிய காரணங்களுக்கும் அவள் உள்ளே சுமந்ததற்கும் சம்பந்தமே இல்லை. உலகின் துயரத்துக்கு முன்னால் தன் வட்டத்தின் ஓயாத சளசளப்பை அவளால் பொறுக்க முடியவில்லை. இசையமைப்பாளர் பாகின் 'புனித மத்தேயு பாடுகள்' இசை பின்னால் நிற்கிறது. ஜெம்மாவாக நடித்தவர் ஜூலியட் ஸ்டீவன்சன், காதலன் பில் நை, தயாரித்து இயக்கியவர் ராபர்ட் கூப்பர். ஆண்டின் சிறந்த வானொலி நாடகங்களுக்கான கைல்ஸ் கூப்பர் விருது இதற்குக் கிடைத்தது. முதல்முறை கேட்டு முடித்தபோது நெடுநேரம் யாரிடமும் பேசத் தோன்றாமல் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

இந்தக் குழுவில் சிலர் அப்படியே சினிமாவுக்கு நகர்ந்தார்கள். பி.பி.சி.க்காக 28 நாட்களில் எடுத்த 'ட்ரூலி, மேட்லி, டீப்லி' மிங்கெல்லா இயக்கிய முதல் படம். தயாரிப்பாளர் அதே ராபர்ட் கூப்பர். கதாநாயகி அதே ஜூலியட் ஸ்டீவன்சன், அவரை மனதில் வைத்தே கதை எழுதப்பட்டது. காதலன் ஜேமியை இழந்த நீனா துக்கத்திலிருந்து மீள முடியாமல் தவிக்கிறாள், அவன் ஆவியாகத் திரும்பி வருகிறான், வந்தபின் அவனை எப்படி அனுப்புவது என்பது கதை.

அந்த ஆவி எப்படி வருகிறது என்று கவனிக்க வேண்டும். படத்தின் தொடக்கத்தில் நீனா இரவில் தனியே வீட்டுக்கு நடந்து வருகிறாள். ஜேமியின் குரல் தனக்குக் கேட்பதாக அவள் சொல்வது நம் காதில் விழுகிறது. கதவைப் பூட்டு, இதைச் செய், அதைச் செய் என்று சாதாரண அக்கறையான வார்த்தைகள். உருவம் கிடையாது. பிறகொரு நாள் அவள் பியானோவில் பாகின் ஒரு மெட்டை வாசிக்கிறாள். அது இருவர் சேர்ந்து வாசிக்க வேண்டியது. செல்லோவின் பகுதியைத் தானே வாயால் முனகிக்கொள்கிறாள். எங்கிருந்தோ செல்லோ வந்து சேர்கிறது. அவள் வாசித்துக்கொண்டே இருக்கிறாள், திரும்பிப் பார்க்க அஞ்சுகிறாள். அதன்பிறகுதான் ஜேமியாக நடித்த ஆலன் ரிக்மனின் உருவம் சட்டகத்துக்குள் வருகிறது. முதலில் குரல், பிறகு இசை, கடைசியாக உடல். பேய்ப் படங்கள் நிழலையும் வெள்ளைத் துணியையும் காட்டிப் பயமுறுத்தும். இந்தப் படத்தில் இறந்தவன் செவி வழியாக வீட்டுக்குள் நுழைகிறான். உண்மையில் நம்மைவிட்டுப் போனவர்கள் அப்படித்தான் வருகிறார்கள். முகம் மங்கிய பின்னும் குரல் மங்குவதில்லை.

சிறந்த அசல் திரைக்கதைக்கான பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது. அடுத்து அமெரிக்காவில் 'மிஸ்டர் வொண்டர்ஃபுல்' இயக்கினார். அதை எழுதியவர்கள் வேறு இருவர். அவர் படங்களிலேயே குரல் இல்லாதது அதுதான், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

'தி இங்கிலிஷ் பேஷன்ட்' வேறு தளம். கொழும்பில் பிறந்து கனடாவில் வாழும் மைக்கேல் ஒண்டாட்ஜி 1992இல் எழுதி, புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்ட நாவல் அது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் இத்தாலியில் இடிந்த மாளிகை ஒன்றில் நான்கு பேர். தீயில் கருகி முகமிழந்து படுத்திருக்கும் நோயாளி, அவரைப் பார்த்துக்கொள்ளும் கனடியச் செவிலி ஹானா, விரல்களை இழந்த திருடன் கரவாஜியோ, வெடிகுண்டு செயலிழக்கச் செய்யும் சீக்கிய வீரன் கிப். நாவல் நேர்கோட்டில் போகாது. நினைவுத் துண்டுகளாகக் கிடக்கும். இதைப் படமாக்க முடியாது என்று பலரும் நினைத்தார்கள். பணம் போடவிருந்த பெரிய ஸ்டூடியோ கடைசி நேரத்தில் பின்வாங்கி, தயாரிப்பாளர் சால் சென்ட்ஸ் வேறு நிறுவனத்தைப் பிடித்துக் காப்பாற்றிய கதை ஊரறிந்தது.

முகமிழந்த ஒருவனைக் கதாநாயகனாகப் பார்த்ததும் திரைக்கதையாசிரியர்கள் மிரள்வார்கள். வானொலிக்காரருக்கு அதில் மிரள ஒன்றுமில்லை. படுத்தபடுக்கையாக ஒரு குரல், கேட்க ஒரு காது, நடுவே இருட்டு. 'டேஞ்சர்' நாடகத்தின் சுரங்கத்திலிருந்து இந்த மாளிகைக்குத் தூரம் அதிகமில்லை. மிங்கெல்லா நாவலின் துண்டுகளை ஒலியால் தைத்தார். படம் தொடங்கும்போது ஒரு தூரிகை நீச்சல்காரனின் உருவத்தை வரைகிறது. கூடவே மார்த்தா செபஸ்தியேனின் பாட்டு. கேட்கும் எவருக்கும் அரபுப் பாலைவனம்தான் நினைவுக்கு வரும். வெகுநேரம் கழித்து அவன் காதலி கேத்தரினும் அதையே நினைத்து ஏமாறுகிறாள். இல்லை, இது ஹங்கேரியப் பாட்டு, என் செவிலித்தாய் பாடியது என்கிறான் அல்மாஷி, பின்னாளில் முகமிழந்து கிடக்கும் அதே நோயாளி. அவன் யார் என்ற புதிருக்கு விடை படத்தின் முதல் நிமிடத்திலேயே நம் காதில் ஒலித்திருக்கிறது. நாம்தான் கேட்கத் தவறியிருக்கிறோம்.

முடிவில் கேத்தரின் குகையின் இருளில் எழுதிய கடைசிக் கடிதத்தை ஹானா படிக்கிறாள். நோயாளி உயிர் விட்டுக்கொண்டிருக்கிறார். ஹானாவின் குரல் மெல்லக் கேத்தரினின் குரலாக மாறுகிறது. இரண்டு பெண்கள், இரண்டு காலங்கள், ஒரே மூச்சு. இந்த மாற்றத்துக்கு எந்தத் தந்திரக் காட்சியும் தேவைப்படவில்லை. படத்தொகுப்பாளர் வால்ட்டர் மர்ச் ஒலி வடிவமைப்பிலும் மேதை என்பது மிங்கெல்லாவுக்கு வாய்த்த நல்லூழ். இந்த ஒரே படத்துக்காகப் படத்தொகுப்பு, ஒலி இரண்டிலும் மர்ச் ஆஸ்கர் வாங்கினார். இந்தப் படப்பிடிப்பின்போது ஏற்பட்ட நட்பில்தான் ஒண்டாட்ஜி மர்ச்சோடு நீண்ட உரையாடல்கள் நடத்தி 2002இல் ஒரு புத்தகமே கொண்டுவந்தார். படத்துக்கு 12 பரிந்துரைகள், 9 விருதுகள். ஆஸ்கர் மேடையில் மிங்கெல்லா இயக்கத்துக்குப் பரிசு பெற்றார், தழுவல் திரைக்கதைக்கு அது கிடைக்கவில்லை. அவர் எழுத்தாளர் என்பதை உலகம் மறந்ததற்கு அந்த இரவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இவ்வளவு பாராட்டியபின், நெஞ்சில் முள்ளாக உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. நாவலில் கிப்பின் காதில் எப்போதும் ஒரு சிறிய வானொலியின் காதொலிப்பான் மாட்டியிருக்கும். குண்டைப் பிரிக்கும்போதும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான். 1945 ஆகஸ்டில் அந்த வானொலியில்தான் ஹிரோஷிமாவின் செய்தி அவனுக்கு வந்து சேர்கிறது. இங்கிலாந்தை நம்பி, அதன்மேல் விழுந்த குண்டுகளைக் கையில் ஏந்தி, அங்கே ஆசான்களைப் பெற்று வளர்ந்த இந்தியன் அந்த நொடியில் உடைந்துபோகிறான். வெள்ளையர் நாடு ஒன்றின்மேல் இந்தக் குண்டைப் போட்டிருக்க மாட்டார்கள் என்ற உண்மை அவனைத் தாக்குகிறது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நோயாளியின் முன் போய் நிற்கிறான். பிறகு எல்லாரையும் உதறிவிட்டு மோட்டார் சைக்கிளில் தெற்கு நோக்கிப் போகிறான். நாவல் முழுவதும் எதை நோக்கி நடந்துகொண்டிருந்ததோ அந்த இடம் இது.

படத்தில் இது இல்லை. அதற்குப் பதில் வெற்றிக் கொண்டாட்டத்தின்போது கிப்பின் தோழன் ஹார்டி மறைகுண்டில் சிக்கிச் சாகிறான். கிப் சோகமாக அறைக்குள் அடைந்துகொள்கிறான், பிறகு வேறிடத்துக்கு மாற்றலாகிப் போகிறான். இங்கிலாந்தில் அவன் பெற்ற பயிற்சி, ஆங்கிலேய ஆசானின் சாவு, அவன் அண்ணனின் ஏகாதிபத்திய எதிர்ப்பு எல்லாமே தேய்ந்துவிட்டன. கிப்பாக நவீன் ஆண்ட்ரூஸ் கண்ணியமாக நடித்திருக்கிறார். கயிற்றில் ஹானாவை உயரே தூக்கி, தீப்பந்த வெளிச்சத்தில் தேவாலயச் சுவரோவியங்களைக் காட்டும் இடம் கண்ணைவிட்டு அகலாதது. நாவலில் ஒரு முதிய அறிஞருக்காகக் கிப் செய்ததைக் காதலிக்காகச் செய்வதாக மாற்றியது மிங்கெல்லாவின் நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் ஓர் அரசியல் மனிதன் அழகிய காதலனாகச் சுருங்கிவிட்டான்.

இதற்கு நியாயம் சொல்பவர்கள் உண்டு. படத்தின் எடை பாலைவனக் காதலின் பக்கம் சாய்ந்தபிறகு, கடைசி அரைமணியில் அணுகுண்டைக் கொண்டுவந்தால் இரண்டுமே கெட்டிருக்கும் என்பார்கள். அந்தக் கட்டமைப்புத் தர்க்கம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் மனம் ஆறவில்லை. தொலைவில் ஒருவன் தீக்குளித்த செய்தியால் பேச்சையே துறந்த ஜெம்மாவைப் படைத்தவர் இவர். தொலைவில் ஒரு நகரம் எரிந்த செய்தியைக் காதில் வாங்கி நிலைகுலைந்த கிப்பை இவரைவிட நன்றாக வேறு யார் எழுதியிருக்க முடியும்? நாவலில் வானொலி ஒலித்த இடத்தில், வானொலியில் வளர்ந்த எழுத்தாளர் அதன் திருகைத் திருப்பி அணைத்துவிட்டார்.

ரிப்ளியில் அவர் மறுபடி காதைத் திறந்தார். பட்ரீசியா ஹைஸ்மித் 1955இல் எழுதிய நாவலில் பணக்காரப் பிள்ளை டிக்கி ஓவியன். மிங்கெல்லா அவனை ஜாஸ் இசைக்காரனாக்கினார். அந்த ஒரே மாற்றத்தில் கதை முழுவதும் செவிக்கு வந்து சேர்ந்தது. டிக்கியோடு நட்பாக வேண்டிய ரிப்ளி, கண்ணைக் கட்டிக்கொண்டு இசைத்தட்டுகளைக் கேட்டு வாசிப்பவர்களின் பெயரை உருப்போடுகிறான். பிறர் குரலை அச்சாகப் பேசுவது அவன் திறமை. டிக்கியின் தந்தை பேசுவது போலவே டிக்கியிடம் பேசிக்காட்டுகிறான். கண் ஏமாறாத இடத்தில்கூடக் காது ஏமாறும் என்று தெரிந்துவைத்திருக்கிற பாத்திரம் அவன். நாவலில் பேருக்கு வந்துபோகும் பீட்டரை இசை நடத்துநராக வளர்த்து, ரிப்ளியின் கடைசிப் பலியாக்கியதும் மிங்கெல்லாதான். ஹைஸ்மித்தின் ரிப்ளி தப்பித்து நிம்மதியாகப் போவான். மிங்கெல்லாவின் ரிப்ளி அந்தக் கப்பலறையில் நண்பனின் குரலோடு அடைபட்டுக் கிடக்கிறான். நாவலின் ரசிகர்கள் பலர் இதை ஏற்கவில்லை. நான் மிங்கெல்லாவின் பக்கம். கொன்றவன் வாழ்நாளெல்லாம் கேட்கப்போவது அந்தக் குரலைத்தான்.

2000இல் பெக்கெட்டின் 'ப்ளே' நாடகத்தைக் குறும்படமாக்கினார். தாழிகளுக்குள் கழுத்துவரை புதைந்த மூன்று பேர், வேகவேகமான முணுமுணுப்பு. ஆலன் ரிக்மன், ஜூலியட் ஸ்டீவன்சன், கிறிஸ்டின் ஸ்காட் தாமஸ் என்று அவருடைய பழைய ஆட்கள் மூவரும் அந்தத் தாழிகளில் இருந்தார்கள். 2003இன் 'கோல்ட் மவுன்டன்' அமெரிக்க உள்நாட்டுப் போரின் கதை, படப்பிடிப்பு பெரும்பாலும் ருமேனியாவில். தேவாலயத்தில் ஊரார் உரத்துப் பாடும் பழைய முறைப் பாட்டுகளிலும், வந்து சேராத கடிதங்களை வாசிக்கும் கதாநாயகி ஏடாவின் குரலிலும் படம் உயிரோடு இருக்கிறது. மற்ற இடங்களில் அழகு அதிகமாகி மூச்சு முட்டுகிறது.

ஓர் ஆட்சேபத்தை எதிர்பார்க்கிறேன். இவையெல்லாம் இசைப்பித்திலிருந்து வந்தவை, வானொலியை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். கேப்ரியல் யாரெட் போன்ற இசையமைப்பாளரோடு திரைக்கதைக் கட்டத்திலேயே உட்கார்ந்து பேசியவர் அவர். ரிப்ளியின் தொடக்கப் பாட்டுக்கு வரிகளும் அவரே எழுதினார். இசை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இசை அவருக்கு வாலிபத்திலிருந்தே இருந்தது. மேடை நாடகங்கள் எழுதியபோதும் இருந்தது. குரலை உடலிலிருந்து பிரித்து, அதை மட்டும் தனியே பார்வையாளரிடம் அனுப்பும் உத்தி 'ஹேங் அப்'புக்கும் 'சிகரெட்ஸ் அண்ட் சாக்லேட்'டுக்கும் பிறகே அவருடைய கையெழுத்தாகிறது. அதைச் செய்யும் துணிவை ஒரு மெட்டு கொடுக்காது, இருட்டில் எழுதிய அனுபவம்தான் கொடுக்கும்.

2006இல் 'ப்ரேக்கிங் அண்ட் என்டரிங்' வந்தது. லண்டனின் கிங்ஸ் கிராஸ் பகுதி, திருட்டுக்குப் போகும் போஸ்னிய அகதிச் சிறுவன், தையல் வேலை செய்யும் அவன் தாய். முதல் படத்துக்குப் பிறகு நாவல் எதையும் தழுவாமல் அவர் சொந்தமாக எழுதிய ஒரே படம். வசூலில் தோற்றது, விமர்சகர்களும் கைகொடுக்கவில்லை. 2003 முதல் 2007 வரை பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் தலைவராக இருந்ததில் எழுத்துக்கான நேரமும் போயிருக்கும். 2008 மார்ச் 18ஆம் நாள், அறுவைச் சிகிச்சைக்குப்பின் ஏற்பட்ட ரத்தக்கசிவால், லண்டனில் இறந்தார். வயது 54. போட்ஸ்வானாவில் அவர் எடுத்த 'தி நம்பர் ஒன் லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி' ஐந்து நாள் கழித்து பி.பி.சி.யில் ஒளிபரப்பானது.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2006இல், பெக்கெட் நூற்றாண்டையொட்டி ரேடியோ த்ரீ அவரிடம் ஒரு நாடகம் கேட்டது. பெரிய நட்சத்திரங்களும் பெரிய பணமும் அவர் சொல்லுக்குக் காத்திருந்த காலம் அது. அவர் உட்கார்ந்து 'ஐஸ் டவுன் லுக்கிங்' எழுதிக் கொடுத்தார். நடித்தவர்களில் ஒருவர் ஜூட் லா. இன்னொருவர், பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஜெம்மாவாக வாய்மூடி உட்கார்ந்திருந்த ஜூலியட் ஸ்டீவன்சன்.